வஞ்சிரம் என்று விற்ற வாள்மீன்

நான் விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்தவள். மதுரை ஆனையூரில் மீன் வெட்டிப் பிழைக்கிறேன். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அதற்காகவே சேர்த்துச் சொல்கிறேன்.

படித்தது நாகமலை புதுக்கோட்டைப் பக்கம், பல்கலைக்கழகத்தில். எங்கள் ஊர் அங்கிருந்து இன்னும் மேற்கே. அம்மா அடுத்தவர் வயலில் களை எடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். படிப்பு முடிந்ததும் ஒரு தனியார் கல்லூரியில் நான்கு வருடம் பாடம் நடத்தினேன். மாணவர் சேர்க்கை சமயத்தில் ஆசிரியர்களை ஊர் ஊராக அனுப்பிப் பிள்ளை பிடித்து வரச் சொல்வார்கள். நான்காம் வருடம் பட்டியல் போட்டவர், "உங்க ஆளுக தெருவுக்கெல்லாம் நீங்களே போயிருங்க மேடம், நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க" என்றார். மற்றவர்கள் குனிந்து தங்கள் தாளைப் பார்த்தார்கள். நான் என் தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். திரும்பப் போகவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு ஒரு கதை இருக்கிறது, இங்கே வேண்டாம்.

ஆனையூரில் ஓர் அறை எடுத்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனபோது கடையில் வெட்டுகிற ஆள் வரவில்லை. முப்பது பேர் பையோடு நிற்கிறார்கள், கடைக்காரர் தலையில் கை வைத்திருக்கிறார். "குடுங்கண்ணே, நான் வெட்டுறேன்" என்றேன். ஆய்வகத்தில் எத்தனையோ மீனைக் கீறியிருக்கிறேன், கை நடுங்காது. அன்று மதியம்வரை வெட்டினேன். அடுத்த ஞாயிறும் வரச் சொன்னார். மூன்றாம் மாதம் சொந்தமாக ஒரு புளியங்கட்டையும் இரண்டு கத்தியும் வாங்கிக்கொண்டு அவர் கடை முகப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். மீன் அவருடையது, வெட்டுகூலி என்னுடையது.

அம்மாவுக்குத் தெரிந்தபோது ஒரு வாரம் பேசவில்லை. பேசியபோது, "கத்தியப் பிடிக்கவாடி அம்புட்டுப் படிச்ச?" என்றாள்.

"வாத்தியார் வேலையில தலையக் குனிய வச்சாங்கம்மா. இதுல நானாத்தான் குனியிறேன், மீனைப் பாக்க" என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

கடைக்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மேற்கே நிலபுலம் உள்ள விவசாயக் குடும்பம். நிலத்தைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு மீன் வியாபாரத்துக்கு வந்தவர். 'போயும் போயும் மீன் யாவாரமா' என்று அவர் சொந்தக்காரர்களும் மூக்கைப் பிடித்தவர்கள்தான். அதனால் எங்களுக்குள் ஓர் ஒட்டுதல் இருந்தது. டீ வந்தால் எனக்கும் சேர்த்துத்தான் வரும், ஒரே மாதிரி கிளாஸில். நான் அதைக் கவனிக்கிறேன் என்பது அவருக்கும் தெரியும்.

அந்தப் பெரிய மீன் ஒரு சனிக்கிழமை மாலை வந்தது. தூத்துக்குடியிலிருந்து வரும் வண்டியில் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார்கள். தலை கிடையாது, குடல் கிடையாது, துடுப்புகளை ஒட்ட வெட்டியிருந்தார்கள். மரத்தடி மாதிரி ஐஸில் கிடந்தது.

"பெரிய வஞ்சிரம்த்தா" என்றார் அண்ணன், என்னைப் பார்க்காமல்.

நான் சுற்றி வந்து பார்த்தேன். வஞ்சிரம் எவ்வளவு பெரிதானாலும் இந்தப் பருமன் வராது. வஞ்சிரத்துக்கு வால் பக்கம் முதுகிலும் வயிற்றிலும் பல் பல்லாகச் சின்னத் துடுப்புகள் வரிசையாக இருக்கும். இதில் ஒன்றுகூட இல்லை. வால் ஒடுங்கும் இடத்தில் பக்கத்துக்கு ஒரு தடித்த மேடு மட்டும் இருந்தது. தோல் வெள்ளியாக இல்லை, கறுத்த பழுப்பு. நோட்டில் படம் வரைந்து பாகம் குறித்த மீன் அது.

"அண்ணே, இது வாள்மீன்."

"தெரியும். கொப்பரன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. ஆழ்கடல்ல ஆயிரங்கால் தூண்டில் போடுற போட்டுல விழுந்தது. எக்ஸ்போர்ட்டுக்குப் போறது, இந்த ஒண்ணு கழிஞ்சு நமக்கு வந்துருக்கு." குரலை இறக்கினார். "மதுரைக்காரனுக்குத் துண்டு மீன்னா வஞ்சிரம்தான். கொப்பரன்னு சொன்னா எவன் வாங்குவான்? நீ தோலை உரிச்சிட்டு ஸ்லைஸ் போடு, போதும்."

தோலை உரிக்கச் சொன்னதில்தான் விஷயம் இருந்தது. வஞ்சிரத்துக்கு யாரும் தோல் உரிப்பதில்லை. இந்த மீனைக் காட்டிக்கொடுப்பது தோல்தான்.

மறுநாள் உரித்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. நான்தான் உரித்தேன், நான்தான் துண்டு போட்டேன். அழகான இறைச்சி. தந்த நிறத்தில் சுழி சுழியாக, நடுவில் ரத்தச் சிவப்பில் ஒரு திட்டு. முள்ளே கிடையாது. மத்தியானத்துக்குள் முழுதும் போய்விட்டது. அடுத்த வாரமும் ஒன்று வந்தது, அதற்கடுத்த வாரமும். மூன்று ஞாயிறு வாயை மூடிக்கொண்டு வெட்டினேன். 'விற்பது அவர், நான் வெறும் வெட்டுகூலி' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்லூரியில் அன்று குனிந்து தங்கள் தாளைப் பார்த்தவர்களும் இப்படித்தான் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நான்காவது ஞாயிறு ஒரு பெண் வந்தாள். இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவள். கணவர் தல்லாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்தபடி மெதுவாக இறங்கினாள். அப்போதுதான் வயிற்றைப் பார்த்தேன். ஐந்து மாதம் இருக்கும்.

"அக்கா, வஞ்சிரம் ஒரு கிலோ வெட்டுங்க. முள் இல்லாம அன்னைக்குக் குடுத்தீங்கள்ல, அதே மாதிரி. டாக்டர் மீன் நல்லாச் சாப்பிடச் சொல்லியிருக்காங்க."

அண்ணன் ஏற்கெனவே துண்டுகளைத் தராசில் வைத்துவிட்டார்.

எனக்குத் தெரிந்த பாடம் அது. கடலில் இருக்கும் பாதரசம் சின்ன மீன் உடம்பில் துளி சேரும். அதைத் தின்கிற மீனில் இன்னும் கொஞ்சம். எல்லாவற்றையும் தின்று பல வருடம் வாழ்கிற வாள்மீனில் நிறையச் சேர்ந்திருக்கும். நல்ல உடம்புள்ளவர் எப்போதாவது தின்றால் பெரிய கெடுதல் இல்லை. கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் தொடக்கூடாது. இதை நான் கரும்பலகையில் எழுதி நடத்தியிருக்கிறேன். கேள்வித்தாளில் கேட்டிருக்கிறேன்.

"இது வஞ்சிரம் இல்லம்மா" என்றேன். "வாள்மீன். இந்த நேரத்துல உனக்கு இது வேணாம். சாளை வாங்கிக்க, நெத்திலி வாங்கிக்க."

எல்லாரும் அண்ணனைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஏன் வேணாம்?"

சொன்னேன். அவள் தராசிலிருந்த துண்டுகளைப் பார்த்தாள்.

"போன ரெண்டு வாரமும் இதைத்தான வெட்டிக் குடுத்தீங்க? நீங்கதான வெட்டுனீங்க? அப்ப ஏன் சொல்லல?"

"அப்ப நீ..." என்று ஆரம்பித்தேன். அப்போது அவள் தொளதொளவென்று சுடிதார் போட்டிருந்தாள், எனக்குத் தெரியவில்லை. ஆனால் தெரிந்திருக்க வேண்டியது அவள் வயிறு இல்லை என்பது சொல்லும்போதே புரிந்துவிட்டது. மீன் என்ன மீன் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். "ரெண்டு தடவைல ஒண்ணும் ஆயிராது. ஆனா டாக்டர்ட்ட சொல்லிரு. மறைக்காமச் சொல்லு" என்றேன்.

"நீங்க மறைச்சீங்கள்ல?" என்றாள். பையைச் சுருட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் கூட்டம் அண்ணன் மேல் பாய்ந்தது. ஒருவர் வாங்கிய மீனைத் திருப்பிக் கொட்டினார். அண்ணன் எல்லாரிடமும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என் கடைவாசல்ல உக்காந்துக்கிட்டு என் பொழப்புலயே மண்ணள்ளிப் போடுறியா? கட்டையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பு. இப்பவே."

அது தூக்குகிற கட்டை இல்லை. புளியமரத்து அடிக்கட்டை, என்னால் தனியாக அசைக்கத்தான் முடியும். கத்திகளைச் சாக்கில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். கட்டையைச் சாய்த்து விளிம்பில் நிறுத்தி, வண்டிச் சக்கரம்போல் உருட்டிக்கொண்டு சாலையில் இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. டவுன் பஸ் நின்றது. செதில் ஒட்டிய நைட்டியும் மேலே ஒரு சட்டையுமாக நான் கட்டையை உருட்டிக்கொண்டு போவதை ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தார்கள். அவசரப்படவில்லை. அவசரப்பட்டால் கட்டை சாய்ந்துவிடும்.

எதிர்ப்பக்கம் ஒரு வீட்டு முன்னால் தகரக் கொட்டகை ஒன்று காலியாகக் கிடந்தது. வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். வாடகைக்குக் கேட்டேன்.

"எந்த ஊரு?"

சொன்னேன்.

"ஊருன்னா... ஊருக்குள்ளயா, அங்கிட்டா?"

இந்தக் கேள்வியை எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறார்கள். கல்லூரியில் ஆங்கிலத்தில்கூடக் கேட்டார்கள். "அங்கிட்டுத்தான் சார். இடம் உண்டா, இல்லையா?"

"இல்லம்மா, வீட்ல சாமி கும்பிடுறோம். மீன் வாடை ஆகாது."

"போன வாரம் நீங்க வாங்குன விளைமீன வெட்டிக் குடுத்ததே நான்தான் சார். வாடை வீட்டுக்குள்ள வந்து ஒரு வாரம் ஆச்சு."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அவர் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில், சாலையோர வேப்பமரத்தடியில் கட்டையைக் கிடத்தினேன். அண்ணன் கடைக்கு நேர் எதிரே. வேண்டுமென்று நேர் எதிரே.

டியூஷன் பிள்ளைகளின் சிலேட்டுப் பலகை ஒன்று என்னிடம் இருந்தது. அதில் எழுதி மரத்தில் மாட்டினேன்: 'எந்தக் கடை மீனையும் கொண்டு வாங்க. என்ன மீன் என்று சொல்லித்தான் வெட்டுவேன்.'

முதல் ஞாயிறு நான்கு பேர் வந்தார்கள். பாதிக்குப் பாதி வேடிக்கை. "நீ என்ன டாக்டரா?" என்று ஒருவர் கேட்டார். "இல்ல, மீன் வெட்டுறவ. மீனைப் பத்தி டாக்டருக்கே நான்தான் சொல்லணும்" என்றேன். திமிரான பேச்சுதான். திமிர் இல்லாமல் அந்த மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க முடியாது.

இரண்டாவது ஞாயிறு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணன் கடையில் துண்டு மீன் வாங்கியவர்கள் பையோடு சாலையைக் கடந்து என்னிடம் வந்தார்கள். முதலில் வெட்டுவதற்கு இல்லை, கேட்பதற்கு. பையைத் திறந்து காட்டி, "இது என்னது?" என்பார்கள். வஞ்சிரமாக இருந்தால் வஞ்சிரம் என்பேன். வாள்மீனாக இருந்தால் வாள்மீன் என்பேன். சிலர் திரும்பப் போய்ச் சண்டை போட்டார்கள். சிலர், "பரவால்ல, ருசியாத்தான இருக்கு" என்று வெட்டி வாங்கிப் போனார்கள். அவர்களிடம் வீட்டில் கர்ப்பிணி உண்டா, கைப்பிள்ளை உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டினேன்.

அம்மா ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் பயந்துபோனாள். "ஏண்டி, நடுரோட்டுல உக்காந்து நெலம் வச்சிருக்கவனோட மல்லுக்கட்டுறியே, நாளைக்கு நாலு பேரோட வந்தான்னா?"

"வரட்டும். நாலு பேரும் மீன் வெட்டி வாங்கத்தான போறாங்க."

"வாய் மட்டும் இருக்கு" என்றாள். ஆனால் ஊருக்குத் திரும்பாமல் அன்று முழுக்க என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து செதில் சுரண்டிக் கொடுத்தாள். அவள் களைக்கொத்து பிடிக்கிற மாதிரியே கத்தியைப் பிடித்தாள்.

அண்ணன் நான்கு பேரோடு வரவில்லை. தனியாக வந்தார், மூன்றாவது வாரம், வியாழக்கிழமை மத்தியானம், கூட்டம் இல்லாத நேரம் பார்த்து. சட்டைக் காலரை விரலால் இழுத்துவிட்டபடி நின்றார்.

"உனக்கு நான் என்ன கொறை வச்சேன்?"

"ஒண்ணும் வைக்கலண்ணே."

"பெறகு எதுக்கு எனக்கு எதுத்தாப்புல உக்காந்து மானத்த வாங்குற?"

"பேரைச் சொல்லி வில்லுங்க. நான் கட்டைய உருட்டிக்கிட்டு வேற தெருவுக்குப் போயிருறேன்."

"பேரைச் சொன்னா எவன் வாங்குவான்?" வேப்பமரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். "எங்க வீட்ல நான் மீன் விக்கிறேன்னு பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட மறைக்கிறாங்க. எம்மகனுக்குப் பாக்குறாங்க. தெரியுமா? ஐஸ் கம்பெனின்னு சொல்லியிருக்காங்க."

எனக்குப் பாவமாக இருந்தது. அதே நேரம் கோபமும் வந்தது. "உங்க தொழில் பேரை மாத்திச் சொன்னா உங்களுக்கு எரியுதுல்ல? அந்த மீனு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றேன். எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, அவரோடு சாலையைக் கடந்து கடைக்குப் போனேன். இரண்டு பெண்கள் இறால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி, "அண்ணே, வாள்மீன் ஒரு கிலோ போடுங்க" என்றேன்.

அவர் தயங்கினார். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு துண்டை எடுத்துத் தராசில் வைத்தார். "வாள்மீனா, அது எப்பிடி இருக்கும்?" என்று ஒரு பெண் கேட்டாள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"முள் இருக்காதும்மா, கறி மாதிரி இருக்கும்" என்றார். தராசைப் பார்த்தபடி, "பிள்ளத்தாச்சிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் மட்டும் குடுக்கக்கூடாது" என்றார்.

அந்தத் துண்டை அன்று மாலை மிளகாய், மிளகு, சோம்பு அரைத்துத் தடவி வறுத்தேன். நல்ல மீன். இதுநாள்வரை வெட்டினேனே தவிரத் தின்றதில்லை. இன்னும் ஊருக்குத் திரும்பாமல் என்னோடு இருந்த அம்மா ஒரு வாய் தின்றுவிட்டு, "முள்ளே இல்லாம என்னடி மீனு, சப்புன்னு" என்று சொல்லிவிட்டு இரண்டாவது துண்டை எடுத்தாள்.

அடுத்த வாரம் கடையில் அட்டையில் எழுதித் தொங்கியது: 'கொப்பரன் (வாள்மீன்)'. வஞ்சிரத்தின் விலைக்கு விற்கவில்லை. முதல் இரண்டு வாரம் பாதி மீன் மிஞ்சியது, அண்ணன் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். பிறகு உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். கொழுப்பு குறைவு, முள் இல்லை என்று இரண்டு இரண்டு கிலோவாக வாங்குகிறார்கள். வாங்கிய மீனைச் சாலை தாண்டி என்னிடமே கொண்டு வருகிறார்கள். "மாப்ள, அக்காட்ட குடுரா, தோலோட வெட்டித் தரும்" என்று ஒருவனுக்கொருவன் சொல்லிக்கொள்வார்கள்.

அண்ணன் திரும்பக் கூப்பிட்டார். முகப்பில் ஷீட் போட்டுத் தருகிறேன், மின்விசிறி வைத்துத் தருகிறேன் என்றார். நான் போகவில்லை. "எதுத்தாப்புலயே இருக்கேண்ணே, உங்களுக்கும் அதான் நல்லது" என்றேன். சிரித்தார். டீ இப்போதும் அவர் கடையிலிருந்து வருகிறது, சாலையைக் கடந்து.

ஒருமுறை வண்டிக்காரரிடம் சொல்லி, தலையோடு ஒரு மீனை வரவழைத்திருந்தார். "ஏத்தா, இங்க வா!" என்று அங்கிருந்தே கத்தினார். ஓடினேன். படத்தில் மட்டும் பார்த்த மீன் முழுதாகக் கிடந்தது. எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய கண். வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. வாள் உருண்டையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், தட்டையாக, அசல் வாள்போலவே ஓரம் கூராக இருந்தது. ஐஸ் பெட்டிக்குள் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஜனங்கள் செல்போனோடு கூடிவிட்டார்கள். கூட்டத்தில் ஒருவர், "வஞ்சிரம் இல்லையா?" என்று கேட்டார். "வஞ்சிரம் வேணும்னா வேற கடைக்குப் போங்க. இது வாள்மீன்" என்றார் அண்ணன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அந்தப் பெண் நெடுநாள் வரவில்லை. அவள் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தால் நான் சுற்றிப் போனேன். ஊரே திரண்டு வந்தாலும் எதிர்த்து நிற்பேன், அவள் கேட்டதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. போன மாதம் ஒரு ஞாயிறு ஸ்கூட்டி வந்து நின்றது. பின்னால் அவள் கணவர், மடியில் குழந்தை, எட்டு மாதம் இருக்கும். கொழுகொழுவென்று, வேப்பமரத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

அவள் சிரிக்கவில்லை. அண்ணன் கடையில் ஐந்தாறு வகை மீனைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வந்திருந்தாள். ஒவ்வொரு பையாகத் திறந்து, "இது என்ன மீன்? இது?" என்று கேட்டாள். பரீட்சை வைப்பதுபோல. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எது பிள்ளைக்கு ஆகும், எது ஆகாது என்றும் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

"அன்னைக்கு நான் மொதல்லயே சொல்லியிருக்கணும்மா" என்றேன்.

"ஆமா. சொல்லியிருக்கணும்" என்றாள்.

பிறகு சாளைப் பையை என் கட்டை மேல் வைத்தாள். "முள் ஒண்ணுகூட இருக்கக்கூடாது, பிள்ளைக்கு" என்றாள். வெட்டி முடிக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவசரப்படாமல், ஒவ்வொரு சாளையாக விரித்து, விரலால் தடவிப் பார்த்து முள் எடுத்தேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. "வெரசா முடிங்க" என்று யாரோ கத்தினார்கள். அவளும் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் நிமிரவில்லை.